மலை ஊர் சாக்கடையில் வைரஸைத் தேடுவது எப்படி: ஊட்டி, குன்னூர், கொடைக்கானலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போலியோ வைரஸ் தொற்றுபவர்களில் ஏறக்குறைய 200 பேருக்கு ஒருவருக்குத்தான் கை கால் முடங்குகிறது. மற்றவர்களுக்கு லேசான காய்ச்சல் வந்து போகும். பெரும்பாலோருக்கு அதுவும் இருக்காது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு குழந்தை முடங்கிய பிறகுதான் ஊருக்குள் வைரஸ் சுற்றுவது தெரியவரும். ஆனால் தொற்றிய அத்தனை பேரின் மலத்திலும் அது வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும். சாக்கடை நீரைச் சோதிக்கும் யோசனைக்கு இதுவே அடிப்படை.

இது கொரோனா காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. 1939-லேயே அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரச் சாக்கடையில் பால், டிராஸ்க் குழுவினர் போலியோ வைரஸைக் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டில் மும்பையில் 2001 முதல் போலியோவுக்காகக் கழிவுநீர் பரிசோதிக்கப்படுகிறது. 2013-ல் இஸ்ரேலில் ஒரு குழந்தைகூட முடங்காத நிலையில் சாக்கடையில் போலியோ தெரிந்தது; உடனே சொட்டு மருந்து முகாம் நடத்தினார்கள். 2020 மார்ச்சில் நெதர்லாந்தின் அமர்ஸ்ஃபோர்ட் நகரில், நோயாளிகள் பதிவாகும் முன்பே கழிவுநீரில் கொரோனாவின் மரபுப்பொருள் கிடைத்தது.

நகராட்சி சுகாதாரப் பிரிவினர், கல்லூரி நுண்ணுயிரியல் துறையினர், எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பி.சி.ஆர். (வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்வது எப்படி என்று சொல்லித்தர ஆள் கிடைப்பார்கள். மலையில் தடுமாற்றம் வருவது அதற்கு வெகுமுன்பே, எந்த நீரை எங்கே அள்ளுவது என்ற இடத்தில். அதனால் அந்தப் பகுதி நீளமாகவும் ஆய்வகப் பகுதி சுருக்கமாகவும் இருக்கும்.

படி 1: கேள்வியையும் பதிலுக்கான ஆளையும் முடிவு செய்யுங்கள்

"என்னென்ன வைரஸ் இருக்கிறது பார்ப்போம்" என்று இறங்கினால் பணம்தான் கரையும். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். சீசனில் கொரோனா ஏறுகிறதா? பள்ளி விடுதிகளில் வயிற்றுப்போக்கு பரவும்போது நோரோ வைரஸ் ஊருக்குள்ளும் இருக்கிறதா? மழைக்காலத்தில் மஞ்சள்காமாலையின் ஏ வகை வைரஸ் எந்தப் பகுதிச் சாக்கடையில் தெரிகிறது? ஒவ்வொன்றுக்கும் இடமும் முறையும் மாறும்.

அதோடு, எண் ஏறினால் யார் என்ன செய்வார்கள் என்பதை முதல் பாட்டிலைத் தொடும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். மாவட்டச் சுகாதார அலுவலரும் நகராட்சி ஆணையரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, "இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினால் காய்ச்சல் முகாம்", "நோரோ தெரிந்தால் குடிநீர்த் தொட்டிகளில் குளோரின் அளவு சரிபார்ப்பு" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் தாள் இல்லாமல் தொடங்கும் திட்டங்கள் அழகான வரைபடங்களோடு முடிந்துவிடுகின்றன. நான் பார்த்தவரை இதைத் தவிர்ப்பவர்களே அதிகம்.

போலியோ தனி விவகாரம். அதை அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில்தான் வளர்த்துப் பார்க்க முடியும். தமிழ்நாட்டில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அந்த வரிசையில் இருக்கிறது. நீங்களாக முயல வேண்டாம்.

படி 2: சாக்கடையின் வழியை நடந்து பாருங்கள்

சமவெளி நகரத்தில் பாதாளச் சாக்கடை இருந்தால் வேலை சுலபம்: சுத்திகரிப்பு நிலையத்தின் வாயிலில் நின்று அள்ளினால் ஊர் முழுவதும் ஒரு பாட்டிலில் வந்துவிடும். மலையில் அப்படி இல்லை. ஊட்டியில் குழாய்ச் சாக்கடையும் காந்தலில் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கின்றன. ஆனால் எல்லா வீடும் அந்தக் குழாயில் சேரவில்லை. மழைநீரும் வீட்டுக் கழிவும் கலந்த தண்ணீர் கோடப்பமந்து கால்வாய் வழியாக ஏரிக்குப் போய்ச் சேர்கிறது. குன்னூரில் மார்க்கெட்டை ஒட்டி ஓடும் ஆறே பல தெருக்களுக்குச் சாக்கடை. அது கீழே இறங்கிப் பவானியில் கலக்கிறது. கொடைக்கானலில் பெரும்பாலும் செப்டிக் டேங்க். பெரிய ஹோட்டல்கள் சிலவற்றில் சொந்தச் சுத்திகரிப்பு அமைப்பு. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களிலும் குழிக் கழிப்பறையிலிருந்து செப்டிக் டேங்க் வரை எல்லாம் கலந்து இருக்கும்.

ஆகவே முதலில் ஒரு பெரிய வரைபடத்தை எடுத்துக்கொண்டு, நகராட்சியின் மூத்த துப்புரவுப் பணியாளர் ஒருவரோடு நடந்துவிடுங்கள். எந்த மேன்ஹோல் மழையில் பொங்கும், எந்தச் சந்தின் கழிவு குழாயில் சேராமல் பாறை இடுக்கில் இறங்குகிறது, எந்த லாட்ஜின் குழாய் இரவில் மட்டும் ஓடையில் திறக்கிறது என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அலுவலகக் கோப்பில் இருக்காது. அவருடைய நாளுக்குக் கூலி கொடுங்கள். அறிக்கையில் அவர் பங்கையும் குறிப்பிடுங்கள்.

மலையில் ஒரு வசதி உண்டு. சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் தண்ணீர் போகும். முகடுகளை வரைபடத்தில் கோடாக இழுத்தால், எந்த வீடுகளின் கழிவு எந்த ஓடைக்கு வரும் என்பது பெருமளவு தெரிந்துவிடும். ஒவ்வொரு வடிபகுதியிலும் எத்தனை வீடு, எத்தனை பள்ளி விடுதி, எத்தனை தங்கும் விடுதி என்று எண்ணி எழுதுங்கள். 2011 கணக்கெடுப்பில் உதகை நகராட்சியின் மக்கள்தொகை 88,430; குன்னூர் 45,494; கொடைக்கானல் 36,501. இந்த எண்களை வார்டு வாரியாகப் பிரித்து வடிபகுதியோடு பொருத்த வேண்டும்.

படி 3: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஊட்டிக்கு என்றால் என் தேர்வு இரண்டு: காந்தல் நிலையத்தில் சுத்திகரிப்புக்கு முந்தைய வாயில் ஒன்று, கோடப்பமந்து கால்வாயில் ஏரிக்குச் சற்று மேலே ஒன்று. ஏரி நீரையே அள்ளும் ஆசை வரும். வேண்டாம். அங்கே நீர் தேங்கி, பழையதும் புதியதும் கலந்து, இந்த வாரத்துக் கதையா போன மாதக் கதையா என்று பிரிக்க முடியாமல் போகும்.

கொடைக்கானல் போன்ற செப்டிக் டேங்க் ஊரில், கழிவை உறிஞ்சும் லாரியே நம் மேன்ஹோல். லாரி எங்கே கொட்டுகிறதோ அங்கே, கொட்டும்போது பாதியில் ஒரு பாட்டில் பிடித்துக்கொள்ளலாம். நீலகிரியில் கேத்தி, அதிகரட்டி பக்கம் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அவை அப்படிப்பட்ட இடங்கள். ஒன்றை மறக்கக் கூடாது: டேங்கில் மாதக்கணக்காகக் கிடந்த கசடு பழைய தொற்றையும் சேர்த்துச் சொல்லும். இருக்கிறதா இல்லையா என்பதற்கு அது உதவும். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கு உதவாது.

மிகச் சிறிய இடங்களைத் தவிருங்கள். பத்து வீட்டு லைன், மந்து எனப்படும் தோடர் குடியிருப்பு, பளியர் குடியிருப்பு போன்றவற்றின் கழிவைத் தனியாகச் சோதித்தால் "அந்தக் கூட்டத்தில்தான் நோய்" என்று பெயர் வந்துவிடும். சில நூறு பேராவது கலக்கும் இடமாக இருக்கட்டும். அதைவிடச் சிறிய இடம் கட்டாயம் தேவை என்றால், அங்குள்ள பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசி, சம்மதம் வாங்கி, முடிவை முதலில் அவர்களிடமே சொல்லுங்கள்.

படி 4: அள்ளும் முறை

மூன்று வழிகள். ஒரே தடவை ஒரு லிட்டர் அள்ளுவது முதலாவது. மணிக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாக 24 மணி நேரம் அள்ளிக் கலப்பது இரண்டாவது. அதற்குத் தானியங்கிக் கருவியும் உண்டு, விலை அதிகம். மூன்றாவது வழி காஜ் துணி.

தட்டையான ஊரில் கழிவுநீர் மெதுவாக ஊர்ந்து வருவதால் வழியிலேயே கலந்துவிடும். சரிவில் அது ஓடி வந்துவிடுகிறது. தொற்று உள்ள ஒரு வீட்டின் கழிவு சில நிமிடங்களில் உங்கள் இடத்தைக் கடந்து போய்விடலாம். அதனால் மலையில் ஒற்றை வாளித் தண்ணீரை நம்புவது சூதாட்டம். கருவி வாங்க முடியாவிட்டால், காலை நெரிசல் நேரத்தில் அரை மணிக்கொரு முறை ஆறு தடவை அள்ளிக் கலக்குங்கள். குளிரில் ஊர் தாமதமாகவே எழும். டிசம்பர், ஜனவரியில் 5 மணிக்குப் போய் நின்றால் வெறும் பனித்தண்ணீர்தான் கிடைக்கும். ஓட்டம் எப்போது உச்சம் என்பதை ஒரு நாள் முழுக்க நின்று பார்த்து நேரத்தைக் குறியுங்கள்.

திறந்த ஓடைகளுக்கு எனக்குப் பிடித்தது காஜ் துணிதான். 1948-ல் இங்கிலாந்தில் மூர் என்ற மருத்துவர் பாராடைஃபாய்டு கிருமி எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று தேடச் சாக்கடைகளில் துணியைத் தொங்கவிட்டார். அவர் பெயரிலேயே அது இன்றும் மூர் ஸ்வாப் என்று அழைக்கப்படுகிறது. செய்வது இப்படி: மெடிக்கல் கடையில் கிடைக்கும் பருத்தி காஜ் துணியை ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டுங்கள். பல மடிப்பாக மடித்து நடுவில் மீன் பிடிக்கும் நைலான் நரம்பால் இறுக்கிக் கட்டுங்கள். தண்ணீரில் முழுதும் மூழ்கி, தரையைத் தொடாமல், ஓட்டத்தின் நடுவில் ஆடும்படி தொங்கவிட்டு 24 முதல் 72 மணி நேரம் விட்டுவிடுங்கள். எடுக்கும்போது வெள்ளைத் துணி சாம்பல் பழுப்பாகி, நாரும் முடியும் சவ்வும் ஒட்டிக் கனத்துத் தொங்கும். அந்த அழுக்குதான் வேண்டும், அலசிவிடாதீர்கள். அப்படியே தடித்த ஜிப் பைக்குள் போட்டு, உள்ளேயே பிழிந்து, வரும் சாற்றைச் சோதிக்க வேண்டும்.

நரம்பின் மறுமுனையைக் கைப்பிடிச் சுவரில் கட்டினால் குரங்கு விடாது. கண்ணுக்குத் தெரியாதபடி கீழே, கல்லின் மறைவில் ஆணியடித்துக் கட்டுங்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் அன்று தொங்கவிட வேண்டாம். காஜ் துணி எவ்வளவு தண்ணீரை வடித்தது என்று தெரியாததால் அதிலிருந்து லிட்டருக்கு இவ்வளவு என்ற கணக்கு வராது. உண்டு, இல்லை என்ற பதில் மட்டுமே.

எந்த முறையானாலும் அதே இடத்தில் எழுத வேண்டியவை: நேரம், நீரின் வெப்பநிலை, அமிலத்தன்மை, கடந்த 24 மணி நேர மழை, நிறம், வாடை. பிளீச்சிங் பவுடர் வாடை வந்தால் குறிப்பிட்டு, பாட்டிலில் சோடியம் தயோசல்ஃபேட் சேருங்கள். குளோரின் வைரஸைச் சிதைத்துக்கொண்டே இருக்கும், அதை நிறுத்தத்தான் இது. அமைச்சர் வருகை, மலர்க் கண்காட்சி என்றால் முந்தின நாளே சாக்கடை ஓரமெல்லாம் வெள்ளையாகிவிடும். அந்த வாரத்தில் எண் குறைந்தால் நோய் குறைந்துவிட்டதாக நினைத்து ஏமாறாதீர்கள்.

படி 5: யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது

சாக்கடையை ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மாதிரி எடுப்பதற்காகவும் யாரையும் இறக்காதீர்கள். மூடியைத் திறந்து காற்று ஆடவிட்டு, கயிற்றில் கட்டிய வாளியோ நீண்ட கைப்பிடிக் கரண்டியோ மட்டும் உள்ளே போகட்டும். குனிந்து முகத்தை நீட்டினாலே விஷவாயு தாக்கலாம்.

இருவராகவே போங்கள். ரப்பர் கையுறை, பூட்ஸ், கண்ணாடி, முகக்கவசம் கட்டாயம். மஞ்சள்காமாலை ஏ வகைத் தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் முன்பே போட்டிருக்க வேண்டும். எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு. காலில் வெட்டுக்காயம் இருப்பவர் அன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

படி 6: ஆய்வகம் வரை

பாட்டிலின் வெளிப்புறத்தைத் துடைத்து, இரண்டு பையில் போட்டு, ஐஸ் பேக் வைத்த பெட்டியில் 4 டிகிரி அளவில் கொண்டுபோங்கள். 24 மணி நேரத்துக்குள் வேலை தொடங்குவது நல்லது. மைனஸ் 20 ஃப்ரீசரில் வைத்து வார இறுதியில் சேர்த்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். உறைந்து உருகும்போது வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. சிதையும். குளிர் நமக்குச் சாதகம். சென்னைச் சாக்கடையைவிட ஊட்டிச் சாக்கடையில் வைரஸின் மரபுப்பொருள் அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் பெட்டி மேட்டுப்பாளையத்தைத் தாண்டிய பிறகு அந்தச் சாதகம் கிடையாது. கோவைக்கு அனுப்புவதென்றால் ஐஸ் பேக்கை இரட்டிப்பாக்குங்கள்.

படி 7: ஆய்வக வேலை, சுருக்கமாக

ஊழியர் பாதுகாப்புக்காக மாதிரியை 60 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்குவது வழக்கம். (செல்லில் வளர்த்துப் பார்க்க வேண்டிய போலியோ மாதிரிக்கு இதைச் செய்யக் கூடாது.) பிறகு செறிவூட்டல். செலவு குறைந்த முறை: 40 மில்லிலிட்டருக்கு 4 கிராம் பாலிஎத்திலீன் கிளைக்கால் 8000, 0.9 கிராம் உப்பு. கரைத்து, 12,000 ஜி விசையில் 4 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுழற்றி, அடியில் படிவதை எடுத்து ஆர்.என்.ஏ. பிரிக்க வேண்டும். கொரோனா போன்ற கொழுப்புறை வைரஸ்கள் கசட்டில் ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளவை. தெளிந்த நீரை மட்டும் எடுத்துக் கசட்டை வீசினால் பாதிச் செய்தி குப்பைக்குப் போகிறது.

மலையில் கவனிக்க வேண்டியது பி.சி.ஆரைத் தடுக்கும் பொருட்கள். சோலை மண்ணில் ஹ்யூமிக் அமிலம் மிகுதி; தேயிலைக் கழிவில் டானின். இரண்டுமே பி.சி.ஆரை முடக்கி, வைரஸ் இருந்தும் இல்லை என்று காட்டும். ஒவ்வொரு மாதிரியையும் அப்படியே ஒன்று, பத்து மடங்கு நீர்த்த ஒன்று என இரண்டாக ஓட்டுங்கள். நீர்த்ததன் சி.டி. மதிப்பு (வைரஸ் தென்படும் வரை பி.சி.ஆர். ஓடிய சுற்றுகளின் எண்ணிக்கை) ஏறக்குறைய 3.3 கூடியிருந்தால் தடை இல்லை. கூடாமலோ குறைந்தோ இருந்தால் தடை இருக்கிறது என்று பொருள்.

கட்டுப்பாட்டு மாதிரிகளில் சிக்கனம் பிடிக்காதீர்கள்: சுத்தமான நீரை எடுத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்த வெற்றுப் பாட்டில், ஆர்.என்.ஏ. பிரிப்புக்கான வெற்று மாதிரி, பி.சி.ஆர். வெற்று மாதிரி, அறிந்த அளவு சேர்த்து எவ்வளவு மீள்கிறது என்று பார்க்கும் எம்.எஸ்.2 போன்ற ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்). இவற்றோடு மிளகாய்ச் செடியைத் தாக்கும் லேசான தேமல் வைரஸையும் எப்போதும் அளவிடுங்கள். மிளகாய் சாப்பிடும் மனிதர் மலத்தில் அது ஏராளமாக வெளியேறும். பாட்டிலில் எவ்வளவு மனிதக் கழிவு, எவ்வளவு மழைநீர் என்பதற்கு அதுவே அளவுகோல். வறமிளகாய் இல்லாமல் சமையல் நடக்காத நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வைரஸ் கிடைக்காது.

படி 8: கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு. 40 மில்லிலிட்டர் மாதிரியிலிருந்து 50 மைக்ரோலிட்டர் ஆர்.என்.ஏ. எடுத்தீர்கள். அதில் 5 மைக்ரோலிட்டரைப் பி.சி.ஆரில் போட்டதில் வைரஸ் மரபுப்பொருளின் 20 பிரதிகள் தெரிந்தன. 50 மைக்ரோலிட்டரில் 200. ஆகவே 40 மில்லிலிட்டரில் 200. ஒரு லிட்டருக்கு 5,000. அன்றைய வரத்து 50 லட்சம் லிட்டர் என்று கொண்டால் மொத்தம் 2,500 கோடி பிரதிகள். குழாயில் சேர்ந்தவர்கள் 40,000 பேர் என்றால் ஆளுக்கு 6.25 லட்சம்.

இந்த 40,000-தான் சுற்றுலா ஊரின் தலைவலி. மே மாத ஞாயிற்றுக்கிழமையில் அது 80,000 ஆனால், அதே அளவு ஆளுக்கு 3.125 லட்சமாகிவிடும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறையில் இருப்பதால், தினமும் எத்தனை வண்டி ஏறியது என்ற கணக்கு மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கும். கேட்டு வாங்குங்கள். அரசு பஸ்ஸில் வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை என்பதால் அதில் விடுபடுவோர் உண்டு. மிளகாய் வைரஸோடு ஒப்பிட்ட விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும். செவ்வாய், புதன் போன்ற வார நடு நாட்களில் எடுத்தால் உள்ளூர்க்காரர்களின் நிலை தெளிவாகத் தெரியும். பயணிகளைப் பற்றியும் அறிய வேண்டுமானால் திங்கள் காலை ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 9: எண்ணைப் படிப்பது

ஒற்றை எண்ணை வைத்து எதுவும் பேசாதீர்கள். வாரம் இரண்டு மாதிரி, குறைந்தது ஆறு வாரம் ஆன பிறகுதான் ஊரின் அடிமட்ட அளவு எது என்றே புரியும். அதன் பிறகு தொடர்ந்து மூன்று மாதிரிகள் ஏறினால் பொருட்படுத்துங்கள். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர்ப் பக்கமும், வடகிழக்கில் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமும் கால்வாய் பொங்கும். அப்போது திருத்தாத எண் விழுவது மழையின் வேலை.

கிடைத்த எண்ணிலிருந்து "இத்தனை பேருக்குத் தொற்று" என்று மாற்றிச் சொல்லும்படி கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். ஆளுக்கு ஆள் வெளியேறும் அளவு பல ஆயிரம் மடங்கு மாறும். கொரோனாவில் தொற்றியவர்களில் கணிசமானோரின் மலத்தில் வைரஸே வராது. ஏறுகிறது, இறங்குகிறது, புதிதாகத் தெரிகிறது என்ற மூன்றுக்கு மேல் சாக்கடை சொல்லாது. வைரஸ் தெரியவில்லை என்பதால் ஊரில் இல்லை என்றும் ஆகாது, குறிப்பாகப் பாதி வீடுகள் குழாயில் சேராத ஊரில்.

படி 10: யாரிடம், எப்படி

வாரம் ஒரு பக்கம் போதும். மேலே ஒரே வரியில் நிலை, கீழே வரைபடம், அதன் கீழே மழை, சீசன், பிளீச்சிங் போன்ற குறிப்பு. மாவட்டச் சுகாதார அலுவலரும் நகராட்சியும் பார்த்த பிறகே வெளியே போகட்டும். ஹோட்டல், பள்ளி, எஸ்டேட் பெயர் எதுவும் வேண்டாம். "ஊட்டி ஏரியில் கொரோனா" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி கிளம்பினால் படகுத்துறைக் கடைக்காரரின் மே மாத வருமானம் போய்விடும். கழிவுநீரில் கண்டது மரபுப்பொருளின் துண்டு, தொற்றவைக்கும் வைரஸ் என்று பொருளல்ல என்ற வரியை ஒவ்வொரு அறிக்கையிலும் மாற்றாமல் அச்சிடுங்கள்.

மாறிய வடிவம் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க மரபணு வரிசைப்படுத்தல் வேண்டும். அதற்கான அரசு ஆய்வகம் சென்னையில் பொதுச் சுகாதாரத் துறையின் கீழ் 2021 முதல் இருக்கிறது. மாதிரி அனுப்பும் முன் பேசி ஒப்புதல் வாங்குங்கள். உதகை அரசு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையை ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொண்டால் பாதிப் பயணம் மிச்சம்.

செறிவூட்டிய மாதிரியில் மீதியைச் சிறு குப்பிகளாகப் பிரித்து, தேதியும் இடமும் எழுதி மைனஸ் 80-ல் வையுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு நோய் கிளம்பினால், அது எப்போது மலையேறியது என்று திரும்பிப் பார்க்க அந்தக் குப்பிகள் மட்டுமே கையில் இருக்கும். காற்றடித்து மரம் விழுந்தால் நாள் கணக்கில் கரண்ட் வராத ஊர் நம்முடையது. ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு கேட்டு முதல் நாளே கடிதம் கொடுத்துவிடுங்கள்.